நேர்ந்துவிட்ட முழங்கால்

யாருடைய கால் அது என்று கேட்கத்தான் சலேத்மேரி வாயெடுத்தாள். அவள் நெஞ்சுக்கு நேரே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டி முடிப்பதற்குள், திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஒரு காலைக் குதிகாலோடு பிடித்துத் தூக்க, இன்னொருவர் தொடையிலிருந்து பாதம் வரைக்கும் பழுப்பு மருந்தைத் தடவுவது தெரிந்தது. கனத்த கால். தூக்கினால் தூக்கிய பக்கம் போகிறது, விட்டால் தொப்பென்று விழுந்துவிடும். பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்தவள், கணுக்காலுக்கு மேலே நாய் கடித்த தழும்பைப் பார்த்ததும் பேசாமல் இருந்துவிட்டாள். அவளுடைய கால்தான். முதுகுத்தண்டில் ஊசி போட்டு அதிக நேரம் ஆகவில்லை. முதலில் இரண்டு காலும் சூடாயின, பிறகு எறும்பு ஊர்ந்தது, பிறகு ஒன்றுமில்லை; தொப்புளோடு சலேத்மேரி முடிந்துபோயிருந்தாள். காலை அசைங்கம்மா என்று மயக்க டாக்டர் சொன்னபோது அவள் அசைக்கத்தான் செய்தாள், மனதார அசைத்தாள், ஆனால் எதுவும் அசைந்ததாக யாரும் சொல்லவில்லை. நல்லா மரத்துப்போச்சு என்று அந்த அம்மாள் திருப்தியாகச் சொல்லிவிட்டுத் தலைமாட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சொந்தக் காலையே அடையாளம் தெரியாமல் போயிற்றே என்று சலேத்மேரிக்குச் சிரிப்புக்கூட வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. அந்தக் கால் யாருடையது என்கிற கேள்வியை இந்த ஊசிக்கு முன்னாலேயே, ஆபரேஷன் தியேட்டர் வாசலிலேயே ஒருவன் கிளப்பிவிட்டிருந்தான். வேறு யார், அவளைக் கட்டிய சவரிராஜ்தான்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வந்தவர் கதவைத் திறந்துகொண்டிருந்த இடைவெளியில் அவன் குனிந்து அவள் காதோரம் வந்தான். முகம் பூராவும் பெருமை. பெண்டாட்டிக்குத் தெரியாமல் சேலை எடுத்து ஒளித்து வைத்திருப்பவனுடைய முகம்.

"சலேத்து, நீ ஒண்ணுத்துக்கும் பயப்படாத. மாதாகிட்ட நேந்துக்கிட்டேன். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா வர்ற திருவிழாவுக்கு வேளாங்கண்ணியில நீ முழங்கால்லயே நடந்து வருவேன்னு."

அவள் பதில் சொல்வதற்குள் கதவு மூடிக்கொண்டது. ஆட்டை நேர்ந்து விடுவார்கள், கோழியை விடுவார்கள், பிள்ளைக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொள்வார்கள், அதெல்லாம் ஊர் வழக்கம். ஆனால் எந்த முழங்காலை வெட்டித் திறக்க உள்ளே தள்ளிக்கொண்டு போகிறார்களோ அதே முழங்காலை நேர்ந்துவிடுகிற மனிதனை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். அவனும் விவரம் கெட்டவன் இல்லை. பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ஒரு நட்டை எந்த மட்டுக்கு முறுக்கினால் மரை போகும் என்று கையை வைத்தே சொல்லிவிடுவான். இரும்புக்கு இருக்கிற அளவு பெண்டாட்டி எலும்புக்கு இருக்காதா என்று மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. கோபம் வந்தது அவளுக்கு. கோபத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே பாசமும் வந்தது, ஏனென்றால் அவன் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, தன்னால் கொடுக்க முடிந்ததில் பெரியது எது என்று யோசித்து யோசித்து, கடைசியில் அவளுடைய முழங்காலைக் கொடுத்திருக்கிறான்.

திரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அவளுக்குள்ளேதான் ஓடுகிறது என்று தெரிந்தும் பக்கத்து வீட்டில் குழாயைத் திறந்து வைத்திருப்பதாகத்தான் பட்டது. டாக்டர் முகுந்தன் போன வாரம் தாளில் படம் வரைந்து சொல்லியிருந்தார். எலும்பு நுனியில் இளநீர் வழுக்கை மாதிரி ஒரு குருத்தெலும்பு மூடியிருக்கும், உங்களுக்கு அது ஓர் இடத்தில் அடியோடு போய்விட்டது, போனதோடு நிற்காமல் கீழே இருக்கிற எலும்பும் குழிந்திருக்கிறது, அதனால் அதே முட்டியில் பளு விழாத ஓரமாகப் பார்த்துக் குருத்தெலும்பும் எலும்புமாய்ச் சின்னச் சின்னக் கட்டைகளாகத் தோண்டியெடுத்து இந்தக் குழிக்குள் அடித்து இறக்கப்போகிறேன் என்றார். கட்டிலுக்கு அடியில் கிடக்கிற டைல்ஸைப் பெயர்த்து வாசலில் பதிக்கிற மாதிரிதாம்மா என்றும் சொன்னார். அந்த உதாரணம் அவளுக்கு உடனே பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வீடு நுழைந்து கரண்ட் மீட்டர் ரீடிங் எடுக்கிறவள் அவள்; எந்த வீட்டில் எந்த டைல்ஸ் பெயர்ந்திருக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியும். மீட்டரைக் கண்ணுக்கு நேரே மாட்டுகிற புண்ணியவான்கள் குறைவு. மாடிப்படிக்கு அடியில், சைக்கிளுக்கும் துடைப்பத்துக்கும் பின்னால், பூனை குட்டி போடுகிற மூலையில்தான் அது இருக்கும். குந்தி உட்கார வேண்டும், டார்ச் அடிக்க வேண்டும், எழுந்து அடுத்த மாடிக்கு ஏற வேண்டும். முட்டி போனதிலிருந்து அவள் குந்துவதில்லை; செல்போனைக் கையோடு நீட்டிக் குருட்டாம்போக்கில் படம் எடுத்து எண்ணைப் படிக்கிறாள். ஒப்பந்த வேலை. இவளால் முடியவில்லை என்று ஒருத்தர் வாய்திறந்து சொல்லிவிட்டால் முடிந்தது. ஆகவே முட்டி நன்றாக வேண்டும். நன்றாகியே தீர வேண்டும். அருள் நிறைந்த மரியே என்கிற மந்திரத்தை மனதுக்குள் தொடங்கினாள், மாதாவே இந்த முட்டியை என்று வேண்டுதலைச் சேர்த்தாள், சேர்த்த இடத்தில் முள்ளில் முந்தானை மாட்டியவளாக நின்றுவிட்டாள். நன்றாகட்டும் என்று கேட்டால், நன்றானதும் வேளாங்கண்ணி மணலில் முட்டி போட வேண்டும். முட்டி போட்டால் போய்விடும். ஆகவே நன்றாகட்டும் என்று கேட்பது, கெடட்டும் என்று கேட்பதுதான். அப்படியானால் நன்றாக வேண்டாம் என்று கேட்கலாமா. கேட்டால் நடக்க வேண்டியதில்லை, ஆனால் நடக்கவே முடியாது. அவள் சந்தைப் பேரத்துக்கு இறங்கினாள்: படியேறுகிற அளவுக்கு நன்றாகட்டும் தாயே, முட்டி போடுகிற அளவுக்கு வேண்டாம். காந்தி மார்க்கெட்டில் தக்காளிக்குப் பேசுகிற பேச்சு. மாதாவின் முகம் அவள் மனதில் அப்படியே இருந்தது, சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. மறுபடி மந்திரத்தை முதலிலிருந்து தொடங்கினாள், மறுபடி அதே இடத்தில் மாட்டிக்கொண்டாள்.

நீங்க ஈ.பி.யாமே, எங்க வீட்ல மட்டும் ஏன் அவ்வளவு யூனிட் ஓடுது என்று தலைமாட்டிலிருந்து மயக்க டாக்டர் பேச்சுக் கொடுத்தார். பழைய ஃபிரிட்ஜா இருந்தா கதவு ரப்பரைப் பாருங்க மேடம், கிழிஞ்சிருக்கும் என்று சலேத்மேரியின் வாய் தானாகப் பதில் சொன்னது. ரப்பர். இங்கேயும் ரப்பர்தான் கிழிந்திருக்கிறது, அதைக் கிழித்தது யார் என்று டாக்டரிடம் அவள் சொல்லவில்லை. மாடிப்படியில் விழுந்தேன் என்று மட்டும்தான் சொன்னாள். அது பொய்யும் இல்லை. சுப்பிரமணியபுரத்தில் ஒரு வீட்டில் நாய் விரட்டிக் கணுக்காலைக் கவ்வ, படியில் உருண்டு முட்டியில் அடிபட்டது உண்மை. வீங்கியது, வடிந்தது, கொஞ்ச நாள் முட்டிக்கு ஓய்வு கொடுங்கள் என்று அப்போதே ஒரு டாக்டர் சொன்னதும் உண்மை. ஓய்வு கொடுக்க விட்டால்தானே. அந்தச் சமயத்தில்தான் சவரிராஜுக்கு டெங்கு வந்து, ரத்தத்தில் தட்டணுக்கள் நாளுக்கு நாள் இறங்கி, ஐ.சி.யு. வாசலில் அவள் மாமியார் பிரகாசியம்மாள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, மாதாவே எம் புள்ளையத் திருப்பிக் குடு, எம் மருமக முழங்கால்ல நடந்து உன் வாசலுக்கு வருவா என்று வேண்டினாள். அப்போதும் நேர்ந்த வாய் ஒன்று, நடக்கிற முழங்கால் வேறொன்று. அப்போது அது சலேத்மேரிக்குக் கண்ணிலேயே படவில்லை, ஏனென்றால் அவளும் அதே வாசலில்தான் விழுந்து கிடந்தாள். முழங்கால் என்ன, தலையைக் கேட்டிருந்தாலும் கழற்றிக் கொடுத்திருப்பாள். அவன் பிழைத்து வந்து ரசம் சாதம் கேட்டான். உடனே கிளம்பினார்கள். தள்ளிப்போடலாம், முட்டி ஆறட்டும் என்று அவன்கூடச் சொன்னான். மாமியார்தான், ஆர்மரி கேட் பக்கத்தில் நேர்ச்சையைத் தள்ளிப்போட்ட ஒருத்தர் வீட்டில் பிள்ளை கிணற்றில் விழுந்த கதையைச் சொன்னாள். அந்தக் கதைக்கு மேல் யார் பேசுவார்கள்.

அந்த மணல். நினைத்தால் இப்போது இல்லாத முட்டியிலும் அது உறுத்தியது. ஆரம்பத்தில் மெத்தையாகத்தான் இருந்தது, பிறகு ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது, பாதி வழியில் மணலா கண்ணாடித் தூளா என்று சொல்ல முடியவில்லை. முன்னால் போன ஒரு பெண் முட்டியில் துண்டு சுற்றியிருந்தாள். தானும் சுற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, துண்டு கட்டினா துண்டு நடந்ததாத்தான் கணக்கு என்று மாமியார் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு வழி முழுக்கக் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள், தன் தலையில் வெயில் அடிக்க மருமகள் தலைக்கு நிழல் கொடுத்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். சவரிராஜ் இளநீரோடு முன்னால் முன்னால் போய் நின்றுகொண்டிருந்தான், மகள் ஸ்டெஃபி அவன் தோளில். வலி ஒரு கட்டத்தில் வலியாக இல்லாமல் வெறும் வெளிச்சமாக ஆகிவிட்டது. கடைசியில் மாதா முன்னால் போய்ச் சேர்ந்தபோது அவள் அழுதாள். அது வலிக்காக வந்த அழுகை இல்லை. சந்தோஷம். அவன் உயிரோடு நிற்கிறான், வேர்த்துக்கொண்டு நிற்கிறான், இளநீரில் ஸ்ட்ரா போட மறந்துவிட்டு நிற்கிறான், அதைப் பார்த்து வந்த சந்தோஷம். வாழ்க்கையில் அவ்வளவு லேசாக அவள் எப்போதும் இருந்ததில்லை. யாரும் அவளைத் தள்ளிவிடவில்லை, அதுதான் வம்பு. தள்ளிவிட்டிருந்தால் இப்போது திட்டலாம். மறுநாள் முட்டி பூசணிக்காயாக வீங்கியபோதுகூட, மாதா பார்த்துக்குவா என்று எல்லாரும் சொன்னார்கள், எல்லாரையும் விட உரக்க அவள்தான் சொன்னாள். ஒரு தடவை மனசாரக் கொடுத்துவிட்டால் அடுத்த தடவை யாரும் கேட்கக்கூட மாட்டார்கள் என்று அப்போது யாருக்குத் தெரியும். கிணற்றில் மோட்டார் வைத்த வீடு மாதிரி, வேண்டும்போது சுவிட்சைப் போட்டால் சரி என்று நினைத்துக்கொள்வார்கள்.

டக், டக், டக். சுத்தியல். வலியே இல்லை, ஆனால் உடம்பு மேலும் கீழுமாக ஆடியது, மரத்த பாதிக்கு விழுகிற அடி மரக்காத பாதியில் பல்லில் வந்து ஒலித்தது. பயப்படாதீங்க, கட்டையை இறக்குறாங்க என்றார் மயக்க டாக்டர். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் பட்டறைச் சத்தம் மாதிரி இருந்தது, திறந்தால் தலைக்கு மேலே விளக்கு. உள்ளே போகிற அந்தக் கட்டை அவளுடையதுதான், வேறு எங்கிருந்தும் வாங்கி வரவில்லை, அவளையே தோண்டி அவளுக்கே வைக்கிறார்கள். ஓரமாக, ஒரு வம்புதும்புக்கும் போகாமல் இத்தனை வருஷம் கிடந்த எலும்பை இழுத்து வந்து, பளு விழுகிற இடத்தில் நிறுத்துகிறார்கள். அதன் மேல் அவளுக்கு இரக்கம் வந்தது. இந்த எலும்பைத்தானா மணலில் தேய்ப்பது. சுத்தியல் நின்றது. திரைக்கு மேலே டாக்டர் முகுந்தனின் நெற்றி மட்டும் தெரிந்தது. ஏம்மா, படியில விழுந்ததா சொன்னீங்க, விழுந்தா ஒரு எடத்துல அடிபடும், இங்க முட்டிச்சில்லுக்குப் பின்னால எல்லாம் அரம் போட்டு ராவுன மாதிரில்ல இருக்கு, நீங்க என்ன வேலை பாக்குறீங்க, தரை பெருக்கி மெழுகுறதா என்று கேட்டார். கேள்வியில் கோபம் இல்லை, ஒரு மெக்கானிக் கேட்கிற கேள்விதான். உண்மையைச் சொல்வது சலேத்மேரிக்கு மாதாவைக் காட்டிக் கொடுப்பதாக இருந்தது, மாமியாரை, புருஷனை, அன்றைக்கு வந்த சந்தோஷத்தைக்கூட. ஆனால் இடுப்புக்குக் கீழே திறந்து கிடக்கிறவள் எதை மூடி வைப்பது.

"வேளாங்கண்ணியில முழங்கால்ல நடந்தேன் சார். அடிபட்ட மறு மாசமே."

ஏதோ ஒரு மெஷின் மட்டும் அவள் இதயத்தை எண்ணிக்கொண்டிருந்தது. இனிமே தரையில முட்டி வைக்கவே கூடாதும்மா, வெச்ச கட்டை பிடிச்சு நிக்கற வரைக்கும் காலையே ஊனக் கூடாது, அப்புறம் நல்லா நடக்கலாம், மெதுவா படியேறலாம், ஆனா மண்டியிடறதுங்கறது இந்த முட்டிக்குக் கிடையாது என்றார் அவர். எப்பவுமேவா சார் என்று கேட்டாள். எப்பவுமே என்றார். சுத்தியல் மறுபடி தொடங்கியது. சலேத்மேரிக்கு முகமெல்லாம் ஈரமாயிற்று, மயக்க டாக்டர் பஞ்சால் துடைத்துவிட்டார், வலிக்குதா என்று கேட்டார். வலிக்கவில்லை. அடைத்து வைத்திருந்தவளுக்குக் கதவைத் திறந்துவிட்டாற்போல் இருந்தது. டாக்டரே சொல்லிவிட்டார், இதற்கு மேல் என்ன. சவரிராஜ் கையைப் பிசைவான், மாமியார் முணுமுணுப்பாள், அவ்வளவுதான். அவள் மந்திரத்தை நிம்மதியாகத் தொடங்கினாள், முட்டி நன்றாகட்டும் என்று துணிந்து சேர்த்தாள், இந்தத் தடவை எங்கும் மாட்டவில்லை. மாட்டவில்லையே என்பதுதான் கொஞ்ச நேரம் கழித்து அவளைப் பயமுறுத்தியது. மாதா டாக்டர் சர்ட்டிபிகேட்டை ஒப்புக்கொள்வாளா. லீவு கேட்கிற ஆபீஸா அது. கிணற்றில் விழுந்த பிள்ளையின் அப்பாவிடமும் ஏதாவது ஒரு காரணம் இருந்திருக்கும், கையில் வேலை, வெளியூர்ப் பயணம், முட்டி வலி. காரணம் இருந்தால் பிள்ளை மிதந்துவிடுமா. ஸ்டெஃபி இந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருப்பாள், அங்கே கிணறு கிடையாது, மேலே தொட்டி இருக்கிறது, தொட்டிக்கு ஏணி இருக்கிறது, அது ஒரு இடத்தில் நிற்கிற பிள்ளையும் இல்லை. சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். அதட்டியும் ஏணி போகவில்லை. அதன் கடைசிப் படியில் ஒரு சின்னக் கால், வெள்ளை சாக்ஸ், நழுவுகிற ஷூ. நல்லா உக்காந்திருச்சும்மா, அருமையா உக்காந்திருச்சு என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. சவரிராஜ் போட்ட நிபந்தனை அது ஒன்றுதான்.

பக்கத்து அறைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். கால் இன்னும் திரும்பி வரவில்லை; கட்டுப் போட்ட ஒரு பெரிய பொட்டலம் போர்வைக்குக் கீழே கிடந்தது, அதைத் தொட்டால் யாருடைய பொட்டலமோ. சவரிராஜ் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தான். ஸ்டூலை அவள் தலைமாட்டுக்கு இழுத்து உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் வெளியே வந்து எல்லாம் சொன்னதாகச் சொன்னான். மண்டியே போடக் கூடாது என்று சொன்னதும் தனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்றான். மாதாவிடம் வாக்குக் கொடுத்தாயிற்று, இவரோ இப்படிச் சொல்கிறார், மனுஷன் என்ன பண்ணுவான். அப்புறம் அம்மாவுக்குப் போன் போட்டானாம். பேச்சு இந்த இடத்துக்கு வந்ததும் அவன் முகத்தில் தியேட்டர் வாசலில் பார்த்த அதே பெருமை மெல்ல ஏறியது. சலேத்மேரி அதைப் பார்த்தாள்.

"அம்மாதான் வழி சொன்னாங்க. உனக்குப் பதிலா ஸ்டெஃபி நடக்கட்டும். சின்னப் புள்ள, எலும்பு இளசு, அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் எழுந்தாள். எழுந்ததாகத்தான் நினைத்தாள், கட்டிலிலிருந்து குதித்து, கதவைத் தாண்டி, பஸ் பிடித்து, பள்ளிக்கூடத்து வாசலில் போய் அந்த இரண்டு சின்ன முழங்கால்களையும் முந்தானைக்குள் பொத்திக்கொண்டதாகத்தான் நினைத்தாள். உடம்பு கட்டிலில் கிடந்தது, கால் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. பரவாயில்லை, நானே நடக்கிறேன் என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதுதான் அவளுக்குப் பழக்கமான வார்த்தை. அதைச் சொன்னால் எல்லாருக்கும் நிம்மதி, அவன் அழுவான், மாமியார் குடை எடுத்துக்கொண்டு வருவாள், புதிதாகப் பதித்த கட்டை மணலில் பெயரும். அப்புறம் அடுத்த தடவைக்கு முழங்கால் இருக்காது, அப்போது யாரிடம் போவார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. இந்த ஆளை அவள் நேசிக்கிறாள். இப்போதும்தான், இந்த நிமிஷமும்தான். அவன் பிடித்திருந்த கையை உருவிக்கொண்டாள்.

"ஏங்க, இந்தத் தடவை நேந்தது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்க நடங்க."

விளையாட்டு என்று நினைத்து அவன் சிரிக்கப் பார்த்தான். மயக்க மருந்து பேசுகிறதோ என்று வாசல் பக்கம் நர்ஸைத் தேடிப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானா? நாளெல்லாம் பட்டறையில நிக்கிறவன் சலேத்து, எனக்கு முட்டி போயிருச்சுன்னா அப்புறம்…"

அவன் கை தன் முழங்காலைப் பொத்திக்கொண்டிருந்தது.